கரியனும் பெள்ளியும்

கண்ணு, இதை ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்ட பிறகு படி. பசியோடு படித்தால் உனக்குக் கோபம்தான் வரும். உன் அப்பா வழி அப்படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உன்னிடம் எதைத்தான் சொல்லி முடித்திருக்கிறேன்? நான் வாயைத் திறப்பதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது என்கிறாய். நம் ஊரில் டவர் கிடைப்பதும் பள்ளிக்கூடத்து மேட்டில்தான். அங்கே நின்று சத்தம் போட்டு இதைப் பேசினால் நாட்றாம்பாளையம் முழுக்கக் கேட்கும், கேட்டால் முதலில் மானம் போவது உனக்குத்தான். நான் பத்தாவது வரை படித்ததற்கு இன்றைக்காவது ஒரு பிரயோஜனம் இருக்கட்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீ, "கன்னுக்குட்டி எப்பம்மா வரும்?" என்று கேட்டாய். நான் பேச்சைக் கல்யாணப் புடவைக்குத் திருப்பினேன். கன்றுக்குட்டி வராது, சாமி. கரியன் பெள்ளியோடு சேரவே இல்லை. உன் கூட்டாளி மாதேஷும் வண்டி ஓட்டி வந்த பையனும் எல்லாம் ஆயிற்று என்று உன்னிடம் சொன்னது பொய். அவர்களைத் திட்டாதே. அவர்கள் முகத்தைப் பார்த்திருந்தால் நீயும் திட்டமாட்டாய். நானும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்? ஆனால் நீ கல்லாவியில் பெண் வீட்டாரிடமெல்லாம் கன்று வரப்போகிறது என்று சொல்லிவைத்திருக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெரிந்த கதையை எதற்கு அம்மா திரும்பச் சொல்கிறாள் என்று முகத்தைச் சுளிக்காதே. தை பிறந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டு வரப்போகிறவளும் இதைப் படிக்கட்டும், அவளுக்காகவும்தான் எழுதுகிறேன். அம்மாடி, பெள்ளி எங்கள் வீட்டு மாடு. ஆலம்பாடி இனம். நாங்கள் வெள்ளி என்றுதான் பேர் வைத்தோம். பக்கத்து வீட்டு ரத்னம்மா கன்னடத்தில் பெள்ளி, பெள்ளி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு மாடு அந்தப் பேருக்குத்தான் திரும்பியது. கரியன் காளை. அதுவும் ஆலம்பாடிதான், ஆனால் நம் பட்டியில் பிறந்ததில்லை. காவேரிக் கரைப் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருந்த ஒருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் கன்றாக வாங்கிவந்தார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, உடம்பு முழுக்க மழை மேகம் மாதிரி கறுப்பு. உன் வருங்காலப் புருஷன் அதைப் பார்த்த அன்றே, இது ஓடுகிற காளைம்மா என்றான். எருது விடும் விழாவுக்குத் தயார் செய்கிறேன் என்று போச்சம்பள்ளிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அங்கே கம்பெனிப் பையன்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கொட்டகை போட்டு வளர்க்கிறார்கள். பருத்திக்கொட்டை, முட்டை, பேரீச்சம்பழம். எனக்கு ஒரு பேரீச்சம்பழம் வாங்கித் தந்திருப்பானா, கேட்டுப் பார்.

போன வருஷம் கோமாரி ஊசி போட ஒரு டாக்டரம்மா வந்தாள். சின்னப் பெண், ஸ்கூட்டியில் அஞ்செட்டி மலைப்பாதை ஏறி வருகிறவள். பெள்ளியைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு கொம்பைத் தொட்டுப் பார்த்தாள், போட்டோ எடுத்தாள். இது சுத்த ஆலம்பாடி, அழிந்துபோகிற நிலையில் இருக்கிற இனம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கேழ்வரகுத் தாள் ஒரு கட்டு தின்றுவிட்டு, இன்னும் கொடு என்று முட்டுகிற மாட்டைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்வார்களா? நல்ல வார்த்தை வாயில் வராதா என்று கேட்டேவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்கம்மா, இதுக்குச் சேக்கறதுக்கு ஒரு சுத்தக் காளை இந்தச் சுத்துப்பட்டுல எந்த வீட்டுல இருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். இது ஒரு கேள்வியா என்று கையை நீட்டினேன். மாரியப்பன் வீடு என்று சொல்ல வந்தேன். அங்கே இப்போது டிராக்டர் நிற்கிறது. ரத்னம்மா வீட்டில் இரண்டும் ஜெர்சி. மேல்தெருவில் காளைக் கன்று பிறந்தால் பால் மறப்பதற்குள் சந்தைக்குப் போய்விடுகிறது. உழவு இல்லாத வீட்டில் காளைக்கு யார் தீனி போடுவார்கள்? நீட்டின கை நீட்டினபடியே நின்றது. கடைசியில்தான் நம் கரியன் ஞாபகம் வந்தது. எங்கள் பையனிடம் ஒன்று இருக்கிறது என்று கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன். அப்படியானால் சீக்கிரம் சேர்த்துவிடுங்கள், பெள்ளிக்கு வயதாகிவிட்டது, இன்னும் ஒரு ஈத்து தாங்கினால் பெரிது என்றாள்.

அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. அழிவது என்றால் யாரோ துப்பாக்கி எடுத்துக்கொண்டு சுடுவார்கள், விஷம் வைப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். புலி, யானை மாதிரிக் காட்டில் இருப்பதற்குத்தான் அந்த வார்த்தை என்று நினைத்திருந்தேன். நம் ஆலம்பாடி மாட்டின் மேல் யாரும் ஒரு குச்சியைக்கூட ஓங்கவில்லையே, கண்ணு. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடித்தோம், சலங்கை கட்டினோம், பொங்கல் ஊட்டினோம். அப்படிக் கொண்டாடிக்கொண்டே இருக்கும்போதுதான் ஒவ்வொன்றாகப் போயின. காட்டுக்குள் பட்டி போடக்கூடாது என்று பாரஸ்ட்காரர்கள் சொன்னார்கள்; காட்டு மிருகங்களுக்கு நோய் பரவும் என்று அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேய்ச்சல் இல்லை என்று பாதியை விற்றோம். நீ பாலிடெக்னிக் சேர்ந்தபோது மீதியில் பாதி போயிற்று. அதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்னொரு தடவை கேட்டாலும் விற்றுத்தான் படிக்கவைப்பேன். உழுவதற்கு ஆள் இல்லை, பாலும் ஒரு செம்புக்கு மேல் இல்லை, ஜெர்சி வைத்தவள் வீட்டில் பால் கேன் நிரம்புகிறது. எல்லார் வீட்டிலும் இதே கணக்குதான். யாரைப் பிடித்து ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பது? ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் பெள்ளி தனியாக நிற்கிறாள்.

நீயும் சரியாகத்தான் சொன்னாய். ஓடுகிற காளையைப் பசுவோடு சேர்த்தால் வேகம் குறைந்துவிடும், நெஞ்சு தளர்ந்துவிடும் என்பது நம் பக்கம் எல்லாரும் சொல்வதுதான். நீ கண்டுபிடித்ததில்லை, உன் அப்பாவும் சொல்லுவார். நானும் நம்பினேன். கரியன் முதல் தடவை ஓடி, கொம்பில் கட்டின பரிசுத் தட்டியை ஒருத்தனையும் தொடவிடாமல் எல்லையைத் தாண்டினானே, அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. பிளெக்ஸில் உன் படத்துக்குப் பக்கத்தில் அவன் படம். கரியன் என்ற பேரை எடுத்துவிட்டு எக்ஸ்பிரஸ் என்று போட்டிருந்தீர்கள். போகட்டும், அதிலும் எனக்குப் பெருமைதான். அதற்கடுத்த பொங்கலுக்கு நீ அவனை ஊருக்குக் கொண்டுவந்து நாலு நாள் தனியாகக் கட்டிவைத்திருந்தாய், நினைவிருக்கிறதா? அப்போது நீ வெளியே போயிருந்த சமயம், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மாட்டை நடத்திக் கூட்டிவந்தார். ஆலம்பாடிதான், நல்ல இளம் மாடு. அம்மா, ஒரு தடவை சேர்த்துக் கொடுங்கள், புண்ணியமாகப் போகும் என்று கும்பிட்டார். நான் வாசலிலேயே நிறுத்தி, ஓடுகிற காளைங்க, இப்போது முடியாதுங்க, அப்புறம் பார்க்கலாங்க என்று திருப்பி அனுப்பினேன். தண்ணீர் மட்டும் கொடுத்தேன். நீ சொல்லித்தான் அப்படிச் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ளமாட்டேன். நீ சொல்லாமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் அதைத்தான் செய்திருப்பேன். டாக்டரம்மா வந்து போன பிறகு அந்த மனுஷரைத் தேடிப்போனோம். மாட்டைக் கேரளா லாரியில் ஏற்றி ஆறு மாசம் ஆகிவிட்டது என்றார். எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அந்த டீயைக் குடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உன் அப்பாவைக் கேள்.

அதற்கப்புறம்தான் நான் உன்னை நச்சரிக்க ஆரம்பித்தேன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பருவம் வந்து, காளைக்கு ஏங்கிப் பெள்ளி கத்தும். விடிவதற்கு முன்னால் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை, ரோட்டைப் பார்த்தபடி கத்தும். ஒவ்வொரு தடவையும் நான் மேட்டுக்கு ஓடி உனக்குப் போன் போட்டேன். விழா முடியட்டும் என்றாய். முடிந்தது. அடுத்த ஊரில் பேர் கொடுத்தாயிற்று என்றாய். பிறகு நைட் ஷிப்ட், பிறகு வண்டி கிடைக்கவில்லை, பிறகு நிச்சயதார்த்தம். டாக்டரம்மா எங்கெங்கோ சொல்லி ஆலம்பாடி சினை ஊசியை ஐஸ் டப்பாவில் வரவழைத்தாள். இரண்டு தடவை போட்டும் சினை பிடிக்கவில்லை. பக்கத்தில் உடனே கிடைக்கிறது ஜெர்சி ஊசி, போட்டால் பால் கன்றாவது வரும் என்று ரத்னம்மா சொன்னாள். பெள்ளி வயிற்றில் கடைசியாக வருவது பெள்ளி மாதிரி இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். இத்தனை நாள் இல்லாத பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

கார்த்திகையில் ஒருவழியாக நீ மனசு இறங்கினாய். வண்டி வந்த அன்றைக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டேன், சிரிக்காதே. மாதேஷ் பலகையைச் சாய்த்துக் கரியனை இறக்கினான். அப்பப்பா, என்ன உடம்பு, என்ன பளபளப்பு! மூக்கணாங்கயிற்றில் குஞ்சம், கழுத்தில் சலங்கை. கத்திக்கொண்டிருந்த பெள்ளி அவனைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். கயிற்றை அவிழ்த்துவிட்டோம். அவளே நடந்து வந்தாள். இவன் அப்படியே நின்றான். அவள் கிட்டே வரவரப் பின்னாலே போனான். பையன்கள் உசுப்பேற்றலாம் என்று விசில் அடித்தார்கள். அடித்ததும் காதை விறைத்துக்கொண்டு, முன்னங்காலை ஊன்றி, நம் வீட்டுச் சந்துப் பக்கம் பார்த்து ஓடத் தயாராக நின்றுவிட்டான். கொட்டு அடிக்கப்போகிறார்கள், கூட்டம் வரப்போகிறது என்று நினைத்திருப்பான் போல. பெள்ளி போய் அவன் முதுகில் தாடையை வைத்தாள். உடம்பெல்லாம் நடுங்கியது அவனுக்கு. உருவிக்கொண்டு போய் வண்டிக்குப் பின்னால் நின்று, தூக்கிவைத்த பலகையை மூக்கால் முட்டினான். ஏற்றிக்கொண்டு போ என்கிறான்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. இத்தனை ஊரில் ஆம்பளைச் சிங்கம் என்று பேர் எடுத்தவன் ஒரு கிழட்டு மாட்டைப் பார்த்து நடுங்குகிறானே என்று சிரித்தேன். மத்தியானம் வரை வைத்துப் பார்த்தோம். தீனி வைத்தோம், ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டினோம், பையன்களை மறைவாக உட்காரச் சொன்னோம். அவர்கள் மறைந்ததும் அவன் மிரண்டுபோய் அவர்களைத் தேட ஆரம்பித்தான். அப்போதுதான் மாதேஷ் என் பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அம்மா, இவன் கன்னுல இருந்தே மாட்டுங்ககூட இருந்ததில்லம்மா. எங்களத்தான் பாத்துக்கினு வளந்தான்." அப்புறம் சிரிப்பு வரவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா வந்தார், பார்த்தார், விடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தாள் அள்ளப் போய்விட்டார். போகும்போது மாதேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே சொல்லிவிடாதீர்கள் அம்மா, காளைக்குப் பேர் போய்விடும் என்று கெஞ்சினான். எப்படிச் சொல்வேன்? நீங்களெல்லாம் அவனை உயிராக வளர்த்தீர்கள். உங்கள் சோற்றைக் குறைத்து அவனுக்குப் போட்டீர்கள். அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவனைப் போல இன்னொரு மாடு உலகத்தில் இருக்கிறது என்பதைத்தான் காட்டாமல் விட்டுவிட்டோம்.

டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். பயப்படாதீர்கள், இரண்டையும் மூன்று நாலு மாசம் ஒரே கட்டுத்தறியில் வைத்து ஒன்றாக மேயவிட்டால் பழகிவிடும், பழகின காளையை நானே பார்த்திருக்கிறேன் என்றாள். அதுதான் நான் இந்தக் கடிதத்தில் கேட்பது. கரியனை இங்கே கொண்டுவந்து விட்டுவிடு. இந்தத் தையில் ஓட்டாதே. மாமனார் ஊரில், கல்லாவியில், கல்யாண மாப்பிள்ளையின் காளை ஓடப்போகிறது என்று பிளெக்ஸுக்குச் சொல்லியாயிற்று என்று எனக்குத் தெரியும். அங்கே நீ தலைகுனிய வேண்டியிருக்கும். உன் கூட்டாளிகள் ஒரு வருஷம் முழுக்கப் பாடுபட்டது வீணாகும். அதெல்லாம் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு உன்னைக் கட்டாயப்படுத்தத் தெரியவில்லை, உன் அப்பாவுக்கும் தெரியவில்லை. காளை உன்னுடையது. நான் கேட்கத்தான் முடியும்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு நாலு நல்ல புத்தி எழுத வேண்டும் என்று ரத்னம்மா சொல்கிறாள். எனக்கு என்ன தெரியும்? உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் தெரிந்துகொண்டது ஒன்றுதான். அவள் ஏதாவது கேட்டால், முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடு. சண்டை வரும், தீரும். அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்காதே. நான் அந்த வார்த்தையை உன் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன், மலைக்கு அந்தப் பக்கத்து மனுஷரிடம் நானும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னேன். கேட்கிறவர்களுக்கு அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறதா என்று நமக்குத் தெரிவதே இல்லை. அப்புறம், நீங்கள் இரண்டு பேரும் போச்சம்பள்ளியில் குடித்தனம் வைத்தால் வாரத்துக்கு ஒரு நாளாவது அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பு. கல்லாவி ஒன்றும் தூரமில்லை. நம் மனுஷர்களோடே இருந்தால் போதும் என்று இருத்திவிடாதே.

இதுவரை எழுதி, தபாலில் போடாமல் டிரங்குப் பெட்டி மேல் வைத்திருந்தேன். பெள்ளி அடுத்த தடவை எப்போது கத்துகிறாள் என்று பார்த்து, அந்த நாளையும் எழுதிப் போட்டால் உனக்கு லீவு சொல்லி வண்டி பிடிக்கத் தோதாக இருக்கும் என்று நினைத்தேன். கத்த வேண்டிய நாள் வந்தது. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருந்தேன். சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. உன் அப்பா காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அவரும் முழித்துத்தான் படுத்திருந்தார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஒருவேளை, ஒருவேளை என்று எனக்கு ஒரு பைத்தியக்கார ஆசை. நான் கவனிக்காத நேரத்தில் ஏதாவது நடந்திருக்குமோ என்று. அன்றைக்கு நான் கண்ணை எடுக்கவே இல்லை என்பது எனக்கே தெரியும்.

அவள் வந்து, நீள உறை மாட்டிக்கொண்டு, உள்ளே கை விட்டுப் பார்த்தாள். சினை இல்லை. ரொம்ப நேரம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் துண்டை நீட்டினபடி நின்றேன். "இனிமே கத்தாதுங்கம்மா" என்றாள். வயதாகிவிட்டது, உள்ளே எல்லாம் சுருங்கிவிட்டது, ஊசியும் பயன்படாது, மாட்டுக்கு வேறு ஒரு குறையும் இல்லை, இன்னும் சில வருஷம் நன்றாகவே இருக்கும் என்றாள். நன்றாகத்தான் இருக்கிறாள். இதை எழுதும்போதுகூடக் கேழ்வரகுத் தாளை மென்றுகொண்டு என்னைப் பார்க்கிறாள். இவளுக்கு ஏதாவது தெரியுமா என்று பார்க்கிறேன். ஒன்றும் தெரிந்த மாதிரி இல்லை. இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து கரியனுக்கென்று சேர்க்க இனி வேறு மாடு இல்லை.

மேலே எழுதினதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. நீயும் அவளும் படித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அனுப்ப வேண்டாம், சாமி. லீவும் போட வேண்டாம். பிளெக்ஸை மாற்ற வேண்டாம். மாதேஷிடம் சொல், தையில் தாராளமாக ஓட்டட்டும். கரியனுடைய வேகத்தைக் குறைக்க இனி ஒன்றும் இல்லை.